ஐந்தே முக்காலுக்குத் தானாக எழ வேண்டியது

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் அவரை ஃபியூஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேலாளர் மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்சுவர் போர்டில் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் இவர். மைக் செத்தது, பேச்சும் செத்தது. அங்கே இருந்த நாற்பது பேருக்கும் அன்றைக்கே இவர்மேல் பாசம் வந்துவிட்டது. மேலாளருக்கு மட்டும் வரவில்லை.

வயது நாற்பத்தொன்பது. படிப்பு ஆறாம் வகுப்பு. முடித்தார் என்று சொல்ல முடியாது. உள்ளே போனார், வெளியே வந்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் லிஃப்ட், வயரிங், ஜெனரேட்டர், மோட்டார் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பார்த்துப் பிழைத்தவர். பரிசோதனைக் கூடத்திலும் பராமரிப்பு வேலைக்குத்தான் எடுத்தார்கள். கீழே, இருபத்திரண்டு படி இறங்கினால், பம்பு அறை. அங்கே கால் மணி நேரம் நின்றால் இவருக்கு மூச்சு இழுக்கும். ஈரச் சுவர் அப்படி.

மேலே கம்ப்யூட்டர் அறைக்கு இவர் வந்த கதை சின்னது. அங்கே இருந்த படித்த பையன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டான். மறுநாள் எதுவும் ஓடவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்த இடத்தில், ஒன்றும் புரியாவிட்டாலும் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இவர் ஒருவர்தான். கழன்றிருந்த ஒரு ஒயரைச் செருகினார். எல்லாம் ஓடியது. "இனிமே நீங்களே பாத்துக்குங்க" என்றார் மேலாளர். அந்த "பாத்துக்குங்க" ஏழு வருஷம் ஓடிவிட்டது. எழுத்தில் ஒன்றும் கிடையாது. கட்டளைகளை எழுத்து எழுத்தாகப் பார்த்து ஒரு நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டார். ஆமாம், வரைந்துதான். சில எழுத்துகளின் பெயர் அவருக்கு இன்றைக்கும் தெரியாது, உருவம் தெரியும்.

அந்த அறையில் அவருக்குப் பிடித்ததும் பிடிபடாததும் ஒன்றேதான். கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டர்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு பழைய மெஷின் உண்டு. ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று சொல்லும். இதய வால்வு மாற்றியவர்களும், ரத்தத்தை இளக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வந்து கையை நீட்டுவார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். மெஷினைச் செய்த கம்பெனி மூடிப் பல வருஷம். மெஷின் மட்டும் சாக மாட்டேன் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதோடு பேசுகிற புரோகிராம் இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஏறாது, பழைய காலத்து சிஸ்டம் வேண்டும். அதனால் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதாக ஒரு சாஃப்ட்வேர் நடிக்கும். வீஎம் என்பார்கள். இவர் உள்ளாள் என்பார். வெளிக் கம்ப்யூட்டர் தினமும் காலை ஐந்தே முக்காலுக்குத் தானாக ஒருமுறை அணைந்து எழும். அது எழுந்ததும் உள்ளாளும் தானாக எழ வேண்டும். ஆறரைக்கு முதல் ரத்தம் வந்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பைச் சோதிக்க ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வந்த இடமெல்லாம் எதையாவது பூட்டிவிட்டுப் போவதால் பூட்டு மேடம் என்று பெயர். கறுப்புத் திரையைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு இவரிடம் திரும்பினாள்.

"அண்ணா, இந்த வீஎம்மை ஓட்டுற சாஃப்ட்வேர் எந்தக் கணக்குல ஓடுது?"

"மாஸ்டர் கணக்குல மேடம். எல்லாத்தையும் தொடுற அதிகாரம் அதுக்குத்தான். ஆரம்பத்துலேர்ந்தே அதுலதான்."

"ஏன் அப்படி?"

"அதுல ஓட்டினாத்தான் யாரும் குறுக்க நிக்க மாட்டாங்க."

"வாஸ்தவம். திருடன் வந்தாலும் யாரும் குறுக்க நிக்க மாட்டாங்க."

இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. உள்ளே இருக்கிற சிஸ்டம் பழசு, அதன் ஓட்டைகளை அடைக்கிறவர்கள் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்றாள். ஒரு பென்டிரைவில் வைரஸ் வந்து உள்ளே உட்கார்ந்தால், அது வெளியே வர வழி தேடும். ஓட்டுகிற சாஃப்ட்வேரில் ஒரு ஓட்டை கிடைத்தால் போதும், அந்த சாஃப்ட்வேருக்கு என்ன அதிகாரம் உண்டோ அத்தனையோடும் வெளியே வந்து நிற்கும். சாஃப்ட்வேர் மாஸ்டர் என்றால் வைரஸும் மாஸ்டர். எல்லா நோயாளியின் ரிப்போர்ட்டும், எல்லா மெஷினும் அதன் கையில்.

ஃபியூஸ் தலையைச் சொறிந்தார். "மெயின்லேர்ந்து நேரா இழுத்த லைன் மாதிரி. நடுவுல ஃபியூஸ் கிடையாது."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அதேதான் அண்ணா. அதையே நான் அம்பது பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன்."

அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து அவள் ஒரு தனிக் கணக்கு உண்டாக்கினாள். உள்ளாளை ஓட்டும் சாஃப்ட்வேர் இனி அந்தக் கணக்கில்தான் ஓடும். உள்ளாள் குடியிருக்கும் ஒரு பெரிய ஃபைல், நடந்ததைக் குறித்து வைக்கும் ஒரு சின்ன ஃபைல், ரத்த மெஷினின் கேபிள் வந்து சேரும் ஒரே ஒரு துளை. இந்த மூன்றைத் தவிர எதையும் அது தொட முடியாது. வேறு புரோகிராமை எழுப்ப முடியாது, நெட்டுக்குப் போக முடியாது, பக்கத்து ஃபைலை எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

"கை, கால், கண்ணு எல்லாத்தையும் கட்டிட்டு மூச்சு விட மூக்கை மட்டும் விட்டிருக்கீங்க."

"மூக்குலயும் ஒரு பக்கம்தான்" என்றாள் அவள்.

இவருக்கும் ஒரு சின்னக் கணக்கு கொடுத்தாள். எழுப்பலாம், நிறுத்தலாம், நிலைமை என்ன என்று பார்க்கலாம். மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு உறையில் போட்டு ஒட்டிக் கையில் தந்தாள். தீப்பிடித்தால் ஒழிய பிரிக்கக் கூடாது. பிரித்தால் நேரமும் காரணமும் பதிவேட்டில் எழுத வேண்டும். இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மேலாளர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து நாள் பாப்போம். ஒரு தடங்கலும் இல்லாம ஓடிச்சுன்னா இந்த ரூம் உங்க பொறுப்புன்னு எழுத்துல குடுத்துடறேன். ஒரு நாள் நின்னாலும் தலைமை அலுவலகத்துலேர்ந்து படிச்ச ஆள் வருவாரு. நீங்க கீழ பம்பு ரூமைப் பாத்துக்கலாம்."

இரண்டு நாள் உள்ளாள் சொன்ன நேரத்துக்கு எழுந்தான். மூன்றாம் நாள் காலை ஃபியூஸ் ஏழு மணிக்கு வந்தபோது, ரத்தம் எடுக்கிற பெண் வாசலிலேயே நின்றிருந்தாள். பதினைந்து வருஷ அனுபவம். ஊசி போடுவது தெரியாமல் போடுவாள், பேச்சுதான் குத்தும். எல்லோருக்கும் அவள் ஊசியம்மா.

"அண்ணே, மெஷின் பேச மாட்டேங்குது."

"என்ன சொல்லுது?"

"பேச மாட்டேங்குதுன்னு சொல்றேன், என்ன சொல்லுதுன்னு கேக்குறீங்க. உள்ள பன்னெண்டு பேர் உக்காந்திருக்காங்க. அதுல ஒரு பெரியவருக்கு மூக்குலேர்ந்து ரத்தம் நிக்கல. டாக்டர் நம்பர் கேட்டு ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு."

உள்ளாள் எழவே இல்லை. இவர் தன் சின்னக் கணக்கில் எழுப்பிப் பார்த்தார். திரையில் இரண்டு ஆங்கில வார்த்தைகள் வந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தார். அனுமதி இல்லை என்று அர்த்தம். மறுபடி எழுப்பினார். மறுபடி அதே. யாருக்கு அனுமதி இல்லை, எதற்கு இல்லை என்று அது சொல்லவில்லை. நேற்றுவரை இருந்த அனுமதி ராத்திரியோடு ராத்திரியாக எங்கே போயிற்று என்றும் சொல்லவில்லை.

பூட்டு மேடத்துக்குப் போன் போட்டிருக்கலாம். போட்டால் மூன்றாம் நாளே நின்றுவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள். மேசை இழுப்பறையைத் திறந்தார். பிளேடால் உறையின் ஓரத்தை மெதுவாக, கவர் கிழியாமல் பிரித்தார். இருபத்திரண்டு எழுத்துப் பாஸ்வேர்டை ஒற்றை விரலால் அடித்தார். மாஸ்டராக உள்ளே போய், தன் பழைய நோட்டில் வரைந்து வைத்திருந்த பழைய கட்டளையைக் கொடுத்தார். உள்ளாள் ஒன்றுமே நடக்காதவன் மாதிரி எழுந்து உட்கார்ந்தான். ஐந்து நிமிஷத்தில் பெரியவருடைய நம்பர் டாக்டருக்குப் போயிற்று.

பதிவேட்டை எடுத்தார். நேரம் என்று ஒரு கட்டம், காரணம் என்று ஒரு கட்டம். கொஞ்ச நேரம் பார்த்தார். மூடி வைத்துவிட்டு, உறையைப் பசை தடவி ஒட்டினார்.

மத்தியானம்தான் கண்ணில் பட்டது. ரத்த மெஷினின் கேபிள் எப்போதும் இருக்கும் துளையில் இல்லை, பக்கத்துத் துளையில் இருந்தது. துடைக்கிற அம்மா முந்தின நாள் சாயங்காலம் கழற்றித் துடைத்துவிட்டு, பக்கத்தில் செருகியிருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, இரண்டு துளையும் ஒரே ஜாடை. தனிக் கணக்குக்கு அந்த ஒரு துளைதான் அனுமதி. மாஸ்டர் எந்தத் துளையில் வேண்டுமானாலும் கை விடலாம். அடச்சே, இவ்வளவுதானா என்று கேபிளைப் பழைய இடத்தில் செருகினார். மேலே ஒரு துண்டு டேப்பும் ஒட்டினார். விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

நாலாம் நாள் உள்ளாள் எழவில்லை.

கேபிள் சரியான துளையில் இருந்தது. டேப் ஒட்டினபடி இருந்தது. சின்னக் கணக்கில் எழுப்பினால் அனுமதி இல்லை. கேபிளைக் கழற்றி ஊதிச் செருகினார். அனுமதி இல்லை. வெளிக் கம்ப்யூட்டரை அணைத்து, மனதுக்குள் நூறு எண்ணி எழுப்பினார். அனுமதி இல்லை. உறையை மறுபடி பிரித்து, மாஸ்டராகப் போய் எழுப்பினார். டக்கென்று எழுந்தான்.

ஐந்தாம் நாளும் அதே. ஆறாம் நாளும் அதே. ஐந்தே முக்காலுக்குத் தானாக எழ வேண்டியது எழாது, இவர் ஆறு மணிக்கு வந்து மாஸ்டராக எழுப்பினால் எழும். சாயங்காலம் வரைக்கும் ஒரு குறை இல்லாமல் ஓடும். மறுநாள் காலை மறுபடி கட்டை மாதிரி கிடக்கும். தான் தொட்டால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. ஜெனரேட்டர் அப்படிச் செய்தால் காரணம் சொல்லுவார். காற்று அடைப்பு, டீசலில் தண்ணீர், ஏதாவது ஒன்று. இதில் எதைக் கழற்றி எதை முகர்ந்து பார்ப்பது? நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஏழு வருஷமாக வரைந்த அத்தனை எழுத்தும் அவரைப் புதுசாகப் பார்த்தன. ஒருவேளை உள்ளாளுக்குத் தன் கை ராசி தெரியுமோ என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார். யோசித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

தினமும் விடியுமுன் வந்து நிற்கிற ஆளை ஊசியம்மா கவனிக்காமல் இருப்பாளா?

"என்னண்ணே, வீட்ல ஏதாவது பிரச்னையா?"

"ஏன்?"

"இல்ல, மெஷினுக்கு முன்னாடி நீங்க வந்துடுறீங்க. நான் போன வருஷம் என் வீட்டுக்காரர்கூடச் சண்டை போட்டப்ப இப்படித்தான் சீக்கிரம் வந்துட்டிருந்தேன்."

"காத்து நல்லாருக்கு, அதான்."

"இந்த ரூம்ல காத்தா?" என்றாள். ஜன்னல் இல்லாத அறை அது.

ஏழாம் நாள் பூட்டு மேடமே போன் செய்தாள்.

"எல்லாம் நல்லாப் போகுதா அண்ணா?"

"போகுது மேடம்."

"பதிவேட்டுல ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் எழுதல மேடம்." அது பொய் இல்லை.

"சந்தோஷம். அடுத்த வாரம் மத்த ஆறு கிளைலயும் இதையே போடப் போறோம். எல்லா இடத்துலயும் அதே மெஷின்தான். உங்க பத்து நாளைத்தான் ஆதாரமாக் காட்டியிருக்கேன்."

போனை வைத்த பிறகும் இவர் கை காதிலேயே இருந்தது. ஆறு கிளை. ஆறிலும் ஐந்தே முக்காலுக்கு எழாது. அங்கெல்லாம் ஆறு மணிக்கு வந்து மாஸ்டராக எழுப்ப யார் இருக்கிறார்கள்? மூக்கில் ரத்தம் நிற்காத பெரியவர்கள் அங்கேயும் இருப்பார்கள். சொன்னால் பம்பு அறை. சொல்லாவிட்டால் ஆறு ஊர். கணக்கு அவ்வளவு சுலபமாகத்தான் தெரிந்தது. ஆனாலும் மனசு ஒரு பக்கம் சாயாமல் ஆடிக்கொண்டே இருந்தது. பூட்டு மேடம் அவ்வளவு படித்தவள், அவள் போட்டதில் எப்படித் தப்பு வரும்? தப்பில்லை என்றால் ஏன் எழவில்லை?

சாயங்காலம் வீட்டில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள் மனைவி. சட்டை தைக்கும் ஃபேக்டரியில் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. குறை கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். வீட்டிலும் அந்தக் கண்ணோடுதான் நடமாடுவாள்.

"ஏங்க, அந்தத் துண்டை அஞ்சாவது தடவையா மடிக்கிறீங்க."

இவர் துண்டைக் கீழே வைத்தார். ஒன்று விடாமல் சொன்னார். உறையைப் பிரித்தது, பதிவேட்டில் எழுதாதது, தினமும் விடியுமுன் ஓடியது, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். குறுக்கே பேசாமல் அவள் கேட்டால் நிலைமை சரியில்லை என்று அவருக்குத் தெரியும்.

"எங்க லைன்ல ஒருத்தி இருந்தா" என்றாள் கடைசியில். "மூணாவது பட்டன் சரியா நிக்கலேன்னா ஸ்டிக்கர் ஒட்ட மாட்டா. பாவம், தைக்கிறவ திட்டு வாங்குவாளேன்னு அவளே ஊசி நூல் எடுத்துத் தைச்சு அனுப்பிடுவா. பட்டன் மெஷின் கோணலா இருக்குன்னு யாருக்குமே தெரியல. அவ ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தா. முந்நூறு சட்டை திரும்பி வந்துச்சு."

"இப்ப எதுக்கு அந்தக் கதை?"

"நீங்களும் பட்டன் தைச்சிட்டுதான் இருக்கீங்க."

"சொன்னா கீழ அனுப்பிடுவான்டி."

"அனுப்பட்டும். மூச்சு இழுத்தா மாஸ்க் போட்டுக்கிட்டு நில்லுங்க. இப்ப மட்டும் என்ன, ஒரு வாரமா ஒழுங்கா மூச்சு விடுறீங்களா? தூக்கத்துல கூட அனுமதி இல்ல, அனுமதி இல்லைன்னு பேசுறீங்க. எனக்கே பயமா இருக்கு, என்னத்துக்கு அனுமதி கேக்குறாரோன்னு."

எட்டாம் நாள் காலை உள்ளாள் வழக்கம்போலக் கிடந்தான். இவர் மாஸ்டராகப் போகவில்லை. மணி ஆறு அடித்தது. பூட்டு மேடத்தின் வீட்டு நம்பருக்கு அடித்தார்.

"மேடம், உங்க ஏற்பாடு ஓடல."

தூக்கக் குரல் உடனே தெளிந்தது. "எப்போலேர்ந்து?"

"மூணாம் நாள்லேர்ந்து. நான்தான் தினமும் மாஸ்டர்ல போய் எழுப்பிக்கிட்டிருக்கேன். உறையைப் பிரிச்சுட்டேன். பதிவேட்டுல எழுதல. என்னை என்ன வேணா பண்ணுங்க, ஆறு கிளைல இதைப் போடாதீங்க."

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை, கேள்வி கேட்டாள். நின்ற முதல் நாள் என்ன நடந்தது, கேபிள் எந்தத் துளை, மாஸ்டராக என்ன கட்டளை கொடுத்தீர்கள். பிறகு ஒரு சின்ன வரியை எழுத்து எழுத்தாகச் சொல்லி அடிக்கச் சொன்னாள். திரையில் ஃபைல்களின் பட்டியல் வந்தது.

"ரெண்டு ஃபைல் இருக்கா? ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சொந்தக்காரர் பேர் போட்டிருக்கும். என்ன பேர்?"

இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மாஸ்டர் பேர் மேடம். ரெண்டுக்கும்."

"தனிக் கணக்கோட பேர் இருக்கணும்."

"இல்ல. மாஸ்டர் பேர்தான் இருக்கு."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "அண்ணா, நீங்க மாஸ்டரா எழுப்பினப்போ, அந்தப் பழைய கட்டளை ரெண்டு ஃபைலையும் மாஸ்டர் பேருக்கு எழுதிக்கிச்சு. மறுநாள் காலைல தனிக் கணக்கு வந்து பாக்குது. தான் குடியிருந்த இடம் வேற ஆள் பேர்ல இருக்கு. கைவைக்க அதிகாரம் இல்ல. அதான் அனுமதி இல்லைன்னு சொல்லுது."

இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ நான் எழுப்பினதாலதான் அது எழலையா?"

"ஆமா."

"அது எழலேன்னுதானே மேடம் நான் எழுப்பினேன்?"

"மூணாம் நாள் எழாததுக்குக் காரணம் கேபிள். நாலாம் நாள்லேர்ந்து காரணம் நீங்க."

உதவி என்று செய்ததே உபத்திரவம். அந்த உபத்திரவத்துக்கு மருந்தாக மறுபடி அதே உதவி. ஐந்து நாளாகத் தன் வாலைத் தானே துரத்தியிருக்கிறார். அவளுடைய ஏற்பாட்டில் குறை என்று தைரியமாகச் சொல்லத்தான் போன் செய்தார். இப்போது பார்த்தால் காட்டிக்கொடுத்தது தன்னையே. இது தெரிந்திருந்தால் போன் செய்திருப்போமா என்று யோசித்தார்.

"இன்னொண்ணு கேக்கட்டுமா அண்ணா? ஃபியூஸ் போன இடத்துல தடிக் கம்பியை வெச்சுக் கட்டிட்டுப் போற எலக்ட்ரீஷியனை நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கையை முறிப்பேன் மேடம்."

"ம்" என்றாள் அவள்.

அவள் போனிலேயே சொல்லிக் கொடுத்தாள். கடைசியாக ஒரு தடவை மாஸ்டராகப் போய், ஒரே ஒரு வரி அடித்தார். இரண்டு ஃபைலும் தனிக் கணக்கின் பெயருக்குத் திரும்பின. மாஸ்டரை விட்டு வெளியே வந்து, சின்னக் கணக்கில் எழுப்பினார். உள்ளாள் எழுந்தான். ஐந்து நாள் பாடு, ஒரு வரி வேலை. பதிவேட்டில் அந்த ஐந்து நாளையும் வரிசையாக எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் முதல் வரியில் "கேபிள்" என்றும், மற்ற நான்கிலும் "நான்" என்றும் எழுதினார்.

மறுநாள் பூட்டு மேடம் நேரில் வந்தாள். மேலாளர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பதிவேடு மேசைமேல் இருந்தது.

"ஆக, ஏற்பாடு சரி. ஆள்தான் சரியில்ல" என்றார் மேலாளர். அவர் முகத்தில் அந்தப் பழைய மைக் தெரிந்தது.

"ஏற்பாடும் சரியில்ல சார்" என்றாள் அவள். "எல்லா அதிகாரத்தையும் குறைச்சேன். குறைச்ச இடத்துல ஏதாவது நின்னா இவர் என்ன பண்ணணும்னு ஒரு வழியும் வெக்கல. கைல குடுத்தது ஒரு உறை. ஒண்ணு, எதுவுமே செய்ய முடியாது, இல்லைன்னா எல்லாமே செய்யலாம். பன்னெண்டு பேர் வாசல்ல உக்காந்திருந்தா யாரா இருந்தாலும் உறையைத்தான் பிரிப்பாங்க. மத்த ஆறு கிளைல படிச்சவங்க இருக்காங்க. அவங்களும் பிரிச்சிருப்பாங்க, எனக்குப் போன்தான் வந்திருக்காது."

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு. மீறினாருன்னு எழுதியிருக்கேன். அஞ்சு நாள் நீங்க பழைய ஆபத்துலயே இருந்தீங்கன்னும் எழுதியிருக்கேன். அவரே சொன்னாருன்னும் எழுதியிருக்கேன்."

ஃபியூஸ் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னைத் திட்டுகிறார்களா, தாங்குகிறார்களா என்று பிடிபடவில்லை. நடுவில் எழுந்து போகலாமா என்று நினைத்தார். கால் மரத்துப் போயிருந்தது.

அன்றைக்கே அவள் ஏற்பாட்டை மாற்றினாள். உறை தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. மாஸ்டர் இனி இந்தக் கட்டடத்தில் யாரிடமும் இல்லை. உள்ளாளைப் பழைய கட்டளையால் எழுப்ப முடியாதபடி அதையே எடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக இவருடைய சின்னக் கணக்கில் இரண்டு அதிகாரம் கூட்டினாள். கேபிள் துளை மாறினால் எந்தத் துளை என்று சொல்லலாம். எழாவிட்டால் எந்த ஃபைல், யார் பெயர், என்ன குறை என்று தமிழிலேயே திரையில் பார்க்கலாம். அந்தத் தமிழ் வரிகளை இவரையே பக்கத்தில் உட்காரவைத்து எழுதினாள். "குடியிருப்பு வேறு ஆள் பெயரில் உள்ளது" என்று ஒரு வரி. அது இவர் சொன்னது.

இரண்டு நாள் கழித்து மேலாளரிடமிருந்து ஒரு தாள் வந்தது. இவர் அதை வீட்டுக்குக் கொண்டு போய், மனைவியிடம் நீட்டினார்.

"படி. மேல பாதி ஒண்ணு சொல்லுது, கீழ பாதி ஒண்ணு சொல்லுது."

அவள் படித்தாள். மேல் பாதியில், விதியை மீறி முதன்மைக் கணக்கைப் பயன்படுத்தியதற்காகக் கடுமையான எச்சரிக்கை. இனி அந்தக் கணக்கு இவருக்குக் கிடையாது. கீழ்ப் பாதியில், கம்ப்யூட்டர் அறையின் பொறுப்பாளராக இவரை நியமித்திருக்கிறது. கையெழுத்து ஒன்றே.

"இது தண்டனையா, பதவியா?" என்றார்.

"ரெண்டையும் ஒரே தாள்ல குடுத்துப் பேப்பர் மிச்சம் பண்ணியிருக்காரு."

"வெளையாடாத. ஏழு வருஷமா பொறுப்பு இல்லாதப்ப எல்லா அதிகாரமும் கைல இருந்துச்சு. இப்ப பொறுப்பு குடுத்துட்டு அதிகாரத்தைப் பிடுங்கிட்டாங்க. இது என்ன கணக்கு?"

அவள் தாளை மடித்து அலமாரியில் வைத்தாள். "நாளைக்குக் கீழ போறீங்களா, மேல போறீங்களா?"

"மேலதான்."

"அப்ப தூங்குங்க."

மறுநாள் சீக்கிரம் போகத் தேவையில்லை. எட்டு மணிக்குப் போனால் போதும். ஆனாலும் ஐந்தரைக்கே போய்விட்டார். விளக்கைக்கூடப் போடாமல் திரைக்கு எதிரே நின்றார். ஐந்தே முக்காலுக்கு வெளிக் கம்ப்யூட்டர் அணைந்தது. அறை இருண்டது. அது மறுபடி எழுந்தது. வரிகள் ஒவ்வொன்றாக ஏறின. இவருடைய விரல்கள் தாமாகவே கீபோர்டுப் பக்கம் போயின. இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளாள் தன் கணக்கில், தன் பெயரில், யாரும் தொடாமல் எழுந்தான். அடுத்த அறையில் ரத்த மெஷின் ஒருமுறை கிர் என்று சுற்றி நின்றது.

ஊசியம்மா விளக்கைப் போட்டுவிட்டுத் திடுக்கிட்டாள்.

"இருட்டுல என்னண்ணே பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாததுக்கா இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?"

"அதான் எனக்கும் புரியல" என்றார் ஃபியூஸ். கைகள் இன்னும் பைக்குள்ளேயே இருந்தன.